நிரந்தரத் தலைவியின் நாற்காலி

சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவே, கருவேலங்காட்டை வழித்தெடுத்துக் கட்டிய ஜோதிநாயகி கலை அறிவியல் கல்லூரிக்குத் தலைவி யார் என்று கேட்டால், ஜோதிநாயகி அம்மன் என்றுதான் சொல்ல வேண்டும். பேச்சுக்குச் சொல்வதில்லை. பத்திரம் பதிந்து, பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்து, சட்டப்படி ஆன நிரந்தரத் தலைவி. ஆட்சிக்குழு கூடும்போது நடுநாயகமாக ஒரு நாற்காலி கிடக்கும். அதில் அரக்குப் பட்டு விரித்து எலுமிச்சம்பழம் வைத்திருக்கும். அதற்கென்று தனியாக ஒரு மின்விசிறியும் ஓடும். மனுசர் யாரும் அதில் உட்காரக் கூடாது. தலைவி வந்தாயிற்று என்று குறித்துக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்குக் காப்பி வரும். தீர்மானங்களை அம்மன் முன்மொழிவாள், தாளாளர் ரத்தினசாமி வழிமொழிவார். இதுநாள் வரைக்கும் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை வந்ததே கிடையாது.

ரத்தினசாமிக்கு அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசு ஆலை, சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகம், இங்கே கல்லூரி. மூன்றுக்கும் முதலாளி அம்மன்தான் என்பார். "நான் ஆத்தா காலடியில கெடக்குற தூசி" என்று மேடைக்கு மேடை சொல்வார். அந்தத் தூசி வந்து இறங்குகிற காரைப் பார்த்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அம்மன் தன் முடிவைப் பூ வழியாகத்தான் சொல்வாள். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். வாழையிலைத் துண்டில் சுருட்டிக் கட்டி, கல்லூரிக்குள்ளேயே இருக்கிற அவள் சன்னதியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் செய், வெள்ளை வந்தால் விடு. ஊர்க் கோயில்களில் கலியாணத்துக்கும் கிணறு வெட்டவும் சனங்கள் பார்க்கிற வழக்கம்தான், கெட்டதொன்றும் இல்லை. அங்கே பொட்டலத்தைக் குழந்தை எடுக்கும். கல்லூரியில் குழந்தைக்கு எங்கே போவது என்று முதல்வர் பிரபாகரனை எடுக்க வைத்தார்கள். ஒன்றும் அறியாதவராக இருக்க வேண்டும் என்பதுதானே முக்கியம். பொட்டலம் கட்டுகிறவர் பூசாரி மொக்கைச்சாமி. கட்டுவதற்கு முன்னால் அவர் தாளாளர் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்வார்.

ஆசிரியர் நியமனம், கேண்டீன் குத்தகை, பெண்பிள்ளைகள் துப்பட்டாவுக்கு எத்தனை ஊக்கு என்பது வரைக்கும் பூதான். மாணவர் பேரவைத் தேர்தலும் உண்டு. ஜனநாயகம் இல்லாவிட்டால் தர மதிப்பீட்டில் மதிப்பெண் குறையும் என்பதால் உண்டு. மனுக்கொடுத்த பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாக அம்மன் முன்னால் வைப்பார்கள். தாளாளரின் தங்கை மகன் விக்னேஷ்குமாருக்கு மட்டும் சிவப்பு வரும். மற்ற அத்தனை பேருக்கும் வெள்ளை. அதற்கப்புறம் ஒரே ஒரு பேர் அச்சடித்த வாக்குச்சீட்டைக் கொடுத்து, ஓட்டுப் போடாதவன் வகுப்புக்குள் வரக்கூடாது என்று சொல்லித் தேர்தல் நடக்கும். ஜெயித்த விக்னேஷ்குமாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வர ஆலையிலிருந்து ஆள் வரும்.

மூன்றாம் ஆண்டு வரலாறு படித்த பாண்டிச்செல்விக்கு இதெல்லாம் வினோதமாகப் பட்டதே இல்லை. பரீட்சைக்கு முன்னால் அவளும் சன்னதியில் நின்று குங்குமம் வாங்கியவள்தான். மேடை ஏறினால் தங்குதடையில்லாமல் பேசுவாள், பரிசு வாங்குவாள். வாங்கிய பரிசை அம்மா முத்துப்பேச்சி அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டுவாள். முத்துப்பேச்சி ரத்தினசாமியின் ஆலையில் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற வேலை பார்த்தாள். அப்பா நாகையாவுக்கும் அங்கேதான் லோடு ஏற்றுகிற வேலை.

ஆனிக் கடைசியில் சீசன் சூடு பிடித்திருந்தது. வெயில் ஏறிவிட்டால் மருந்தைத் தொடக் கூடாது. சட்டத்திலும் இருக்கிறது, அந்த ஆலைச் சுவரிலும் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது. அன்றைக்கு உச்சிவெயிலுக்கு முன்னாலேயே மருந்து கொதிக்கிறது என்று பெண்கள் அறையை விட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். போர்மேன் முதலாளிக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அம்மன் செவப்பு குடுத்திருச்சாம். ஒண்ணும் ஆகாது, உள்ள போங்க" என்றான். அம்மனே சொன்ன பிறகு யார் மறுக்கிறது? முத்துப்பேச்சி முதல் ஆளாக எழுந்து போனாள். கூட வேலை பார்த்த செல்லத்தாய் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று தொட்டிப் பக்கம் போனாள். அதனால் அவள் இருக்கிறாள்.

முத்துப்பேச்சிக்குத் துட்டி கேட்க வீட்டுக்கு வந்த ரத்தினசாமி, வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் ஐயா உள்ளே போகச் சொன்னது என்று பாண்டிச்செல்வி கேட்டபோது, வானத்தைக் காட்டிவிட்டு, "நானா சொன்னேன் தாயி? ஆத்தா உத்தரவு. தனக்கு வேணும்னு கூப்பிட்டுக்கிட்டா" என்றார். விசாரிக்க வந்த அதிகாரிகளுக்கும் அதே பதில். அவர்களும் சாமிக்குச் சம்மன் அனுப்ப முடியாதென்று எழுதிக்கொண்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். நாகையா கும்பிட்ட கையைக் கீழே இறக்கவே இல்லை. நான்தான் போகச் சொன்னேன் என்று அந்த வாய் ஒருதரம், ஒரே ஒருதரம், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் பாண்டிச்செல்விக்கு வேண்டியிருக்கவில்லை.

காரியம் முடிந்து கல்லூரிக்குப் போனவள், காலை வழிபாட்டில் அம்மாவுக்காக எல்லாரும் கொஞ்ச நேரம் எழுந்து நிற்க வேண்டும், வெடி விபத்து எப்படி நடந்தது என்று தாளாளர் சொல்ல வேண்டும் என்று முதல்வர் பிரபாகரனிடம் கேட்டாள். அவர் அவசரமாகக் கதவைச் சாத்தினார். வெடி விபத்து என்ற வார்த்தை வளாகத்துக்குள் கூடாதாம். சீசன் நேரத்தில் அபசகுனமாம். 'ஒளி நிகழ்வு' என்று சொல்லச் சொல்லி ஆடி பிறந்ததுமே சுற்றறிக்கை வந்துவிட்டதாம். சரி, ஒளி நிகழ்வுக்காவது நிற்கலாமா என்று கேட்டாள். பூ வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று போனவர் வெள்ளை வந்துவிட்டது என்று திரும்பி வந்தார்.

மறுநாள் வழிபாடு முடிந்து எல்லாரும் கலைந்தபோது பாண்டிச்செல்வி கலையவில்லை. மைதானத்தில் நின்ற இடத்திலேயே நின்றாள். பக்கத்தில் வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். கணிதத் துறைப் பிள்ளைகள் நின்றார்கள். வணிகவியல் பையன்களும் விளையாட்டுக்கு வந்து நின்று, அப்புறம் விளையாட்டை மறந்துவிட்டு நின்றார்கள். அந்தக் கல்லூரியில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ ஏதோ ஒரு ஆலையில் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கோஷம் இல்லை, ஒரு பதாகை இல்லை. முதல்வர் ஓடிவந்து ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் இருப்பதை எல்லாரும் உடனே நிறுத்த வேண்டும் என்று கத்தினார். யாரும் நிறுத்தவில்லை.

இதற்கு 'மௌனக் கலவரம்' என்று பேர் வைத்து விசாரணைக் குழு போட்டார்கள். பட்டு விரித்த நாற்காலி நடுவில், இந்தப் பக்கம் தாளாளர், அந்தப் பக்கம் முதல்வர். குற்றம் என்னவென்று பாண்டிச்செல்வி கேட்டபோது முதல்வர் மனம்விட்டே பேசினார்.

"கோஷம் போட்டிருந்தா என்ன கேக்குறீகன்னு எங்களுக்குத் தெரியும், முடியாதுன்னு சொல்லிருவோம். ஒண்ணுமே கேக்காம நின்னா நாங்க எதத்தான் முடியாதுங்கிறது? நிர்வாகத்த இப்பிடி இக்கட்டுல விடலாமா?"

அம்மன் தீர்ப்புச் சொன்னாள். பாண்டிச்செல்வி இடைநீக்கம், தேர்வு நுழைவுச்சீட்டு நிறுத்திவைப்பு. மறுபடி சேர வேண்டுமென்றால், அம்மன் உத்தரவைக் கேள்வி கேட்டது தப்பு என்று தாளாளர் காலில் விழுந்து சொல்ல வேண்டும். அவள் விழவில்லை. அப்பா நாகையா தான் வேண்டுமானால் விழுகிறேன் என்று வாசலில் வந்து நின்றார். அவர் ஏற்கெனவே விழுந்த கணக்கில்தான் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவளைக் காப்பாற்றியது ஒரு கருத்தரங்கம். தர மதிப்பீட்டுக் குழு வருகிற நாளில் தேசிய அளவில் ஒன்று நடத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். 'மதகுருமார் ஆட்சியில் மாணவர் எழுச்சி: ஜனநாயக நாடுகளோடு ஓர் ஒப்பீடு' என்பது தலைப்பு. மாணவர் தரப்பில் ஒருத்தர் பேசியாக வேண்டும். விக்னேஷ்குமாரைப் பேசவிட்டுப் பார்த்தார்கள். எழுச்சி என்ற சொல்லைத் தாண்டி அவன் நகரவில்லை. வரலாற்றுத் துறைத் தலைவர் சோலைச்சாமி போய், பாண்டிச்செல்வியை விட்டால் ஆளில்லை என்று முறையிட்டார். அம்மனுக்கும் வேறு வழி தெரியவில்லை, சிவப்பு கொடுத்தாள். எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தால் நுழைவுச்சீட்டு அன்றைக்கே கையில் கிடைக்கும் என்று பேச்சு.

சோலைச்சாமி நல்ல மனுசர், பயந்த மனுசர். பத்திரிகைகளிலிருந்து சேர்த்து நிஜமாகவே நல்ல கட்டுரையாக எழுதியிருந்தார். முதல் பாதியில் மதகுருமார் நாடு. அங்கே ஆண்டவன் பேரால் ஒரு சிலர் ஆளுகிறார்கள். தேர்தலில் யார் நிற்கலாம் என்பதை அவர்கள் வடிகட்டுகிறார்கள். பெண்பிள்ளைகளின் துணியை அளக்கிறார்கள். அமைதியாகக் கூடி நின்ற மாணவர்களைக் கல்லூரியை விட்டு நீக்குகிறார்கள். இரண்டாம் பாதியில் ஜனநாயக நாடு. இங்கே மாணவர் கேள்வி கேட்கலாம், பதில் சொல்ல ஆள்வோர் கடமைப்பட்டவர். ஒத்திகையில் முதல் பாதியை வாசித்து முடித்த பாண்டிச்செல்வி குழம்பிப்போய், இது எந்த நாடு சார் என்று கேட்டாள்.

நாட்டின் பேரைப் போடக் கூடாதென்று தாளாளர் சொல்லிவிட்டார் என்றார் அவர். அங்கேயும் நம்ம காலண்டர் ஆர்டர் போகிறதாம்.

"அதுக்கில்ல சார். பேரு போடலைன்னா நம்ம காலேஜின்னு நெனச்சுக்கிட மாட்டாகளா?"

சோலைச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கடல் தாண்டி நடப்பது, நம்ம ஊரில் அப்படி நடக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் நம்முடையது ஜனநாயக நாடு என்று தலைப்பிலேயே இருக்கிறது என்றார். அப்படியானால் இரண்டாம் பாதியில் இருக்கிறபடி நான் தாளாளரிடம் கேள்வி கேட்கலாமா என்றாள் அவள்.

"கேக்கலாம்னுதானத்தா எழுதிருக்கேன்," என்றார் அவர் பரிதாபமாக. "கேளுன்னா எழுதிருக்கேன்?"

கருத்தரங்க நாளன்று கல்லூரி வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. வடக்கேயிருந்து வந்த மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு பேராசிரியை தலைவர். நரைத்த குட்டை முடியும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக இருந்த அம்மாள், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அரங்கத்தில் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்தால் மறுபடியும் மௌனமாக இருந்துவிடுவார்களோ என்ற பயத்தில், பெற்றோர் பங்கேற்பு என்று சொல்லி ஆலைப் பெண்களை வேன் வேனாக இறக்கியிருந்தார்கள். செல்லத்தாய் முன்வரிசையில் இருந்தாள். நாகையா கடைசியில் தூணோரமாக நின்றார். கல்லூரியின் தலைவர் எங்கே என்று பேராசிரியை கேட்டார். அதோ, எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள் என்று மேடை நடுவிலிருந்த பட்டு நாற்காலியை முதல்வர் பணிவாகக் காட்டினார். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டும் பார்த்தார்.

தொடக்கவுரை ரத்தினசாமி. அதையும் சோலைச்சாமிதான் எழுதிக் கொடுத்திருந்தார். தாளாளர் வெள்ளை வேட்டி மொடமொடக்க எழுந்து நின்று, எழுதியதைப் பாதியும் தன் சொந்த உணர்ச்சியைப் பாதியும் கலந்து முழங்கினார்.

"சாமி பேரச் சொல்லி ஒருத்தன் ஆளுறான்னா, அவன் சாமியையும் ஏமாத்துறான், சனத்தையும் ஏமாத்துறான். அப்பேர்ப்பட்ட ஆட்சி ஒரு நாள் நிக்கப்பிடாது. மாணவச் செல்வங்கள் சட்டையப் பிடிச்சுக் கேக்கணும். இந்தக் கருத்த இங்கன பேசுறதுக்கு எனக்கு ஆத்தா நேத்துச் சாயங்காலந்தான் உத்தரவு குடுத்தா."

கைதட்டல் பலமாக இருந்தது. முதலில் தட்டியது முதல்வர்தான்.

அடுத்து பாண்டிச்செல்வி. காலையிலிருந்து அவள் ஒருவாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தலைக்குக் குளித்த முடியை முடிய நேரமில்லாமல் விரித்தபடியே வந்திருந்தாள். வாசிக்கத் தொடங்கினாள். வேட்பாளரை வடிகட்டும் இடம் வந்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம். துணியை அளக்கும் இடத்தில் பெண்பிள்ளைகள் பக்கம் கைதட்டல். மௌனமாக நின்றவர்களை நீக்கியதை வாசித்தபோது அரங்கமே தட்டியது. எழுச்சியைத்தான் பிள்ளைகள் ரசிக்கிறார்கள் என்று முதல்வர் பேராசிரியைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சோலைச்சாமிக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பக்கத்தைப் புரட்டினாள். "அந்நாடுகளில், தாயை இழந்த மகள் யார் பொறுப்பு என்று கேட்டால், ஆண்டவன் சித்தம் என்பதே விடையாகக் கிடைக்கிறது" என்று இருந்தது. சோலைச்சாமி எங்கேயோ படித்ததை யோசிக்காமல் எழுதிவிட்ட வரி. ஒத்திகையில் இந்த இடத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருந்தாள். இப்போது முன்னால் செல்லத்தாய் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கம் அந்த வேட்டி, அந்த வாய். 'தாயை' என்றவள் அதற்கு மேல் போக முடியாமல் நின்றாள். மறுபடியும் 'தாயை' என்றாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது, கால் தள்ளாடியது. கைக்கு எட்டின தூரத்தில் ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

அது அம்மனுடைய நாற்காலி.

எலுமிச்சம்பழம் உருண்டு மேடையிலிருந்து கீழே விழுந்தது. ஒரு மனுசி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்றால் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, அவளை அங்கேயே அடித்துத் துரத்த வேண்டும். இல்லை, உட்கார்ந்தவள் மனுசி இல்லை. முதல்வர் முதல் முடிவோடு எழுந்தார். அதற்குள் செல்லத்தாய் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள். நம்பித்தான் விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பது அவளுக்கே வெளிச்சம். விரித்த முடி, வேர்த்த முகம், நடுங்குகிற கை, உட்கார்ந்திருப்பதோ ஆத்தா பீடம். இதற்கு மேல் என்ன வேண்டும். ஆலைப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று குலவையிட்டார்கள். பூசாரி மொக்கைச்சாமிக்கு யாரும் வேறு மாதிரி சொல்லி வைக்கவில்லை. தொழில் பழக்கத்தில் சூடத்தைக் கொளுத்தித் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று பேராசிரியை கேட்டார். முதல்வர் வாயில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டார். தலைவர் பொறுப்பேற்றிருக்கிறார்களாம்.

பாண்டிச்செல்விக்குத் தலைசுற்றல் நின்றபோது முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால், இத்தனை பெண்கள் பார்க்கிறார்களே என்று கைகூப்பிக்கொண்டு ரத்தினசாமி நின்றார். அவள் ஆத்தா என்று சொல்லவில்லை, ஆடவில்லை, அருள்வாக்குச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு நாளும் வாசலில் கேட்டு, அறையில் கேட்டு, மைதானத்தில் வாயைத் திறக்காமலும் கேட்டுப் பார்த்த கேள்வியைக் கேட்பதற்கு அந்தக் கல்லூரியிலேயே ஓர் இடம்தான் உண்டு. அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"முத்துப்பேச்சிய அன்னிக்கு உள்ள போகச் சொன்னது யாரு?"

ரத்தினசாமி வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தார். ஆத்தா என்று சொல்ல வேண்டும். ஆத்தாதான் கேட்கிறாள். நீதான் என்று ஆத்தா முகத்தைப் பார்த்துச் சொன்னால், இல்லை என்று அவள் சொல்லிவிட மாட்டாளா? திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. இத்தனை வருசத்தில் தாளாளருக்கும் தலைவிக்கும் நடுவே வந்த முதல் கருத்து வேற்றுமை அது.

யாருமே எதிர்பாராத விதமாக, அவருக்குக் கைகொடுத்தது பேராசிரியைதான். அம்மாள் எழுந்து, சாமி வந்து இறங்கி உத்தரவு போடுகிற நிறுவனத்துக்குத் தரச்சான்று கொடுக்க முடியாது, இங்கே நிர்வாகம் நடத்துவது யார், இந்த நாற்காலியா நீங்களா என்று கறாராகக் கேட்டார். முதல்வர் மொழிபெயர்த்தார். ரத்தினசாமிக்குப் போன உயிர் வந்தது. கூப்பிய கையைப் பிரித்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"மேடம், நல்லாக் கேட்டுக்கிடுங்க. இது ஜனநாயக நாடு. நான் படிச்சவன், விவரம் தெரிஞ்சவன். இந்தச் சேரு வெறும் மரம், துணி போத்தி வச்சிருக்கு. உள்ள இருக்கிற செலை கல்லு, நாந்தான் ஆள் வச்சுச் செதுக்கினேன். அதுக்கு ஒரு அதிகாரமும் கெடையாது. பூ கட்டுறதெல்லாம் சனங்க திருப்திக்கு. செவப்பா வெள்ளையா எது வரணும்னு நான் சொல்லுவேன், மொக்கைச்சாமி ரெண்டு பொட்டலத்துலயும் அதையே வச்சுக் கட்டுவான். வேணும்னா அவனையே கேளுங்க."

மொக்கைச்சாமி தட்டோடு தலையாட்டினார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"இந்தக் காலேஜாகட்டும், அச்சாபீசாகட்டும், பட்டாசுக் கம்பெனியாகட்டும்," ரத்தினசாமி நெஞ்சில் தட்டிக்கொண்டார், "என் உத்தரவு இல்லாம ஒரு ஆள் உள்ள போக முடியாது, ஒரு ஆள் வெளிய வர முடியாது. எல்லாம் நான். எழுதிக்கிடுங்க."

முதல்வர் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். பேராசிரியை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். மதிப்பீட்டுக்கென்று கூலி பேசி அமர்த்திய வீடியோக்காரர் இந்த முழக்கத்துக்காகக் கிட்டே வந்து, முகத்துக்கு நேராகப் பிடித்தார். முதல்வர் கைதட்டினார். இந்தத் தடவை கூடத் தட்ட ஆளில்லை.

செல்லத்தாய் இருந்த இடத்திலேயே நின்றாள். குரலை உயர்த்தாமல், கிணற்றடியில் பேசுகிறவளைப் போல் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு வந்த செவப்பு, முதலாளி?"

ரத்தினசாமிக்குக் கேள்வி உடனே ஏறவில்லை. முகத்தில் ஜனநாயகத்தின் பெருமிதம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அது வடிந்தது. முன்வரிசைப் பெண்கள் உட்காரவில்லை. அடுத்த வரிசைகளில் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். கடைசியில் தூணோரம் நின்ற நாகையா, நடுவழியில் நடந்து மேடையைப் பார்த்து வந்தார். இவ்வளவு நாளாகக் கும்பிட்டே இருந்த கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. பாதி வழியில் நின்று, அவர் கேட்டது இவ்வளவுதான்.

"நீங்கதானாய்யா?"

ரத்தினசாமி முதல்வரைப் பார்த்தார். ஒன்றும் அறியாத அந்த மனுசர் அதையும் பேராசிரியைக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மொக்கைச்சாமியைப் பார்த்தார். முதல்முறையாகப் பூசாரி அவர் முகத்தைப் பார்க்காமல் சூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் இன்னும் ஓரடி கிட்டே வந்தார். தாளாளர் மண்டி போட்டார். ஜனநாயகத்தை வைத்திருந்த கையிலிருந்து ஒலிபெருக்கி நழுவியது. வெறும் மரம் என்று தான் சொன்ன நாற்காலியின் காலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அதில் உட்கார்ந்திருந்தவளை அண்ணாந்து பார்த்தார்.

"ஆத்தா, தாயே, நீ சொல்லு. நீதான அன்னிக்கு உத்தரவு குடுத்த? நான் சொன்னது எல்லாம் தப்பு ஆத்தா. நீ ஒரு வார்த்த சொல்லிரு. சனம் நம்பும்."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இப்படி மனமுருகி அவர் எந்தச் சன்னதியிலும் கும்பிட்டதில்லை. பாண்டிச்செல்வி ஆமாம் என்று ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும், நுழைவுச்சீட்டென்ன, அவள் கேட்டதையெல்லாம் காலடியில் கொண்டுவந்து கொட்டியிருப்பார். அவள் குனிந்து, அந்த முகத்தைப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டு வாசலில் வானத்தைக் காட்டிய முகம்.

"நான் ஆத்தா இல்லங்கய்யா," என்றாள். "முத்துப்பேச்சி மக."